பாழான பென்டோனைட் குழிகளில் புல் முளைத்தது எப்படி?

அமெரிக்காவில் கைவிடப்பட்ட களிமண் சுரங்கங்களைச் சீரமைத்த அனுபவம், நம் ஊர் களர் நிலத்துக்கும் வழி சொல்கிறது

நிலக்கடலை, எள், சூரியகாந்தி பயிரிடும் விவசாயிகளுக்கு ‘பென்டோனைட் சல்பர்’ பழக்கமான உரம். 90 சதவீதம் கந்தகம் கொண்ட அந்தச் சிறு வில்லைகளில் மீதிப் பங்காகச் சேர்க்கப்படுவது பென்டோனைட் என்ற களிமண். மண்ணில் ஈரம் பட்டதும் இந்தக் களிமண் உப்பி, வில்லையை உடைத்து, கந்தகத்தைத் தூளாக்கிவிடுகிறது. டெல்டா பகுதியில் ஆழ்குழாய்க் கிணறு போடும்போது துளை சரியாமல் இருக்கக் கரைத்து ஊற்றுவதும் இதே களிமண்தான். மணற்பாங்கான பண்ணைக் குட்டையில் நீர்க்கசிவை அடைக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரே குணம்: தண்ணீர் பட்டால் உப்பும், நீர்ப்பாதையை அடைக்கும். குட்டையில் இது வரம். விளைநிலத்தில் இதுவே சாபம். நீர் இறங்காத மண்ணில் விதை முளைக்காது, வேர் ஓடாது, உப்பும் கழுவிப் போகாது. நம் களர் நிலங்களில் நடப்பது இதுதான். இந்தப் பிரச்சினையை அதன் உச்ச நிலையில் பார்க்க வேண்டும் என்றால், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் களிமண் எடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட பழைய பென்டோனைட் சுரங்கங்களைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் புல்கூட முளைக்காமல் கிடந்த அந்த மண்மேடுகளை மீட்ட கதையில், களர் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் செய்தி இருக்கிறது.

கடலில் விழுந்த எரிமலைச் சாம்பல்

வயோமிங் இன்று கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் வறண்ட மேய்ச்சல் பூமி. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், அந்தப் பகுதி கடலடியில் இருந்தது. வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓர் உள்நாட்டுக் கடல் பரந்திருந்தது. அதற்கு மேற்கே எரிமலைகள் இருந்தன. அவை வெடித்தபோது எழுந்த சாம்பல் காற்றில் கிழக்கே வந்து கடலில் விழுந்து, அடியில் சீரான பாய்போலப் படிந்தது. கண்ணாடித் துகள்களால் ஆன அந்தச் சாம்பல் கடல்நீரில் ஊறி, வேதி மாற்றம் அடைந்து, மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறியது. அதுதான் பென்டோனைட்.

ஒவ்வொரு பெரிய வெடிப்பும் தனித்தனி அடுக்கை விட்டுச் சென்றது. வடகிழக்கு வயோமிங்கில் அப்டன், ஓசேஜ் ஆகிய சிற்றூர்களை ஒட்டிய பகுதியில் புகழ்பெற்ற அடுக்கு ‘கிளே ஸ்பர்’. ரயில் பாதையில் களிமண் ஏற்றிய இடத்தின் பெயரே அடுக்குக்கும் பெயரானது. பல இடங்களில் அதன் கனம் ஒரு மீட்டர் அளவுதான். அதற்கு அடியில் மீன் செதில்கள் பதிந்த, சிலிக்கா மிகுந்த, கெட்டியான மௌரி களிப்பாறை. மேலே மிருதுவான, கருஞ்சாம்பல் நிறமுள்ள பெல் ஃபூஷ் களிப்பாறை. இந்த மேல்பாறையும் கடல் சேறுதான். அதனால் அதில் உப்பும் சோடியமும் மிகுதி. பின்னால் வந்த சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுக்கு நிலமட்டத்தை ஒட்டி வரும் இடங்களில், காற்றும் மழையும் பட்டுக் களிமண் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். ஆழத்தில் மூடிக் கிடப்பது நீலச்சாம்பல் நிறம். மஞ்சள் களிமண்ணே நன்றாக உப்பும் என்பதால், தொழிலில் இருந்தவர்கள் அதைத் தேடிப் போனார்கள். எனவே வெட்டு ஆழமாக இருக்கவில்லை. ஆனால் அடுக்கு தலைகாட்டும் வழியெல்லாம் நீண்டுகொண்டே போனது. சிறு ஆழத்துக்காகப் பெரும் பரப்பு கிளறப்பட்டது.

இந்தக் களிமண்ணுக்கு அங்குள்ள முன்னோடிக் குடியேறிகள் வைத்த பெயர் ‘சோப்பு மண்’. நனைத்தால் சோப்புபோல வழுக்கும். 1888-ல் வில்லியம் டெய்லர் என்பவர் வயோமிங்கின் ராக் கிரீக் பகுதியில் இதை விற்பனைக்காக வெட்டத் தொடங்கினார். வயோமிங் பல்கலைக்கழகப் புவியியலாளர் வில்பர் நைட் 1897-ல் அவர் பெயரால் ‘டெய்லரைட்’ என்று இதை அழைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு கனிமத்துக்கு இருந்ததால், 1898-ல் ‘பென்டோனைட்’ என்று மாற்றினார். இந்தக் களிமண் கிடைத்த ‘ஃபோர்ட் பென்டன்’ பாறைத் தொகுதியிலிருந்து வந்த பெயர் அது. எண்ணெய்க் கிணறு தோண்டும் சேறு, வார்ப்பு மணல், இரும்புத் தாதுவை உருண்டையாக்கும் பசை என்று 20-ம் நூற்றாண்டில் தேவை பெருகியது. குழிகளும் பெருகின.

ஒரே களிமண், இரண்டு குணம்

பென்டோனைட்டின் முக்கியக் கனிமம் மாண்ட்மோரில்லோனைட். இந்தப் பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் நிலம் உழும் விவசாயி அதை நாள்தோறும் மிதித்து நடக்கிறார். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பதற்குக் காரணம் இந்தக் கனிம வகைதான். கரிசலில் இது பாறை சிதைந்து உருவானது. வயோமிங்கில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது. பிறப்பு வேறு, அமைப்பு ஒன்று.

இந்தக் களிமண் மிக மெல்லிய தகடுகளால் ஆனது. புத்தகத்தின் தாள்கள்போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். 10 கிராம் களிமண்ணின் தகடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 2 ஏக்கர் பரப்பு வரும். தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவை தகடுகளுக்கு இடையே ஒட்டிக்கொள்ளும். பயிருக்கு வேண்டிய சத்துகளைக் கரிசல் மண் பிடித்து வைத்திருப்பது இப்படித்தான்.

ஒட்டியிருப்பது எது என்பதில்தான் மண்ணின் தலைவிதி இருக்கிறது. கால்சியம் இரண்டு மின்னூட்டம் கொண்டது. இரு கைகளால் இரு பக்கத் தகடுகளையும் இழுத்துப் பிடிப்பதுபோல, அவற்றை அதிகம் விலக விடாது. அந்த மண் ஓரளவுதான் உப்பும். காய்ந்தால் பொலபொலவென்று உதிரும். நல்ல கரிசல் நிலத்தின் மேல்மண் கோடையில் குருணையாக இருப்பது இதனால்தான்.

சோடியத்துக்கு ஒரு மின்னூட்டம்தான். பிடி தளர்வு. தண்ணீர் நுழைந்ததும் தகடுகள் விலகிக்கொண்டே போகும். வயோமிங்கின் சோடியம் பென்டோனைட் உலர்ந்த நிலையில் இருந்ததைப்போல 15 மடங்கு வரை உப்பும் என்பார்கள். கடைசியில் தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து நீரில் மிதக்கும். மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மேற்பரப்பு மெழுகிய தரைபோல ஆகிவிடும். காய்ந்தால் கல்லாக இறுகும்.

குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலும் நம் நாட்டு பென்டோனைட் கிடைக்கிறது. அங்கும் வாங்குபவர் முதலில் கேட்பது, அது எவ்வளவு உப்பும் என்பதைத்தான். சுரங்கக்காரர் விரும்பும் சோடியமும், விவசாயி வெறுக்கும் சோடியமும் ஒன்றே.

மேல்மண் அடியில் போனது

பழைய நாட்களில் வேலை எளிமையாக நடந்தது. மேலே இருந்த மண்ணையும் களிப்பாறையையும் தள்ளி ஓரத்தில் குவித்தார்கள். பென்டோனைட் அடுக்கைக் கிளறி வெயிலில் உலர்த்தினார்கள். பிறகு அள்ளிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். குழி அப்படியே கிடந்தது. மேடும் அப்படியே கிடந்தது.

இதில் பெரிய இழப்பு எது? முதலில் தள்ளப்பட்டது மேல்மண். அது குவியலின் அடியில் போய்விட்டது. கடைசியில் தள்ளப்பட்டது ஆழத்தில் கிடந்த உப்பும் சோடியமும் மிகுந்த களிப்பாறை. அது குவியலின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆழத்தில் இருந்த கடல் சேறு, விதை விழும் இடத்துக்கு வந்துவிட்டது. புல் வளர வேண்டிய மண் புதைந்துபோனது.

அந்த வட்டாரத்தில் ஆண்டு மழையளவு 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெய்த மழையும் மேட்டில் இறங்கவில்லை. முதல் தூறலிலேயே மேற்பரப்பு உப்பி மூடிக்கொண்டது. மீதி நீர் மண்ணை அரித்துக்கொண்டு சரிவில் ஓடியது. நீர் இறங்காததால் உப்பு கழுவப்படவில்லை. உப்பு போகாததால் செடி வரவில்லை. செடி வராததால் வேரும் மட்கும் இல்லை. அதனால் மண்ணில் துளை விழவில்லை. இந்தச் சுழலில் சிக்கிய மேடுகள் பல ஆண்டுகள் ஆகியும் மொட்டையாகவே இருந்தன. ‘காலம் சரிசெய்யும்’ என்ற நம்பிக்கை இந்த மண்ணில் பலிக்கவில்லை.

மரத்தூள் கொண்டு வந்த புல்

1980-களில் அமெரிக்க வேளாண்துறையின் மண் விஞ்ஞானி ஜெரால்ட் ஷூமனும் அவருடன் பணியாற்றியவர்களும் அப்டன் பகுதியின் கைவிடப்பட்ட மேடுகளில் ஆய்வு தொடங்கினார்கள். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி ‘எந்த விதை போடலாம்’ என்பதல்ல, ‘தண்ணீரை எப்படி உள்ளே இறக்குவது’ என்பது.

பக்கத்தில் பிளாக் ஹில்ஸ் மலைகளில் பைன் மரக்காடுகள். அங்குள்ள மர அறுவை ஆலைகளில் பட்டையும் சில்லும் தூளும் கழிவாகக் கிடந்தன. அதையே எடுத்தார்கள். ஹெக்டேருக்கு 45, 90, 135 டன் என்று மூன்று அளவுகளில் போட்டு மண்ணோடு கலந்தார்கள். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 18, 36, 55 டன். சில பாத்திகளில் ஒன்றும் போடாமல் விட்டார்கள். பிறகு புல் விதைத்தார்கள்.

கழிவு கலக்காத பாத்திகள் ஏறக்குறைய வெறுமையாகவே நின்றன. கலந்த பாத்திகளில் புல் வந்தது. காரணம் உரச்சத்து இல்லை. மரச்சில்லு மண்ணை விலக்கிப் பிடித்து, நீர் இறங்கச் சந்து ஏற்படுத்திக் கொடுத்தது. மழையும் பனியுருகலும் உள்ளே போயின. கரையக்கூடிய உப்பு கீழே கழுவப்பட்டது. விதைக்கு ஈரம் கிடைத்தது.

இதில் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மரக்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் தங்கள் தேவைக்கு மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளடித்து நிற்கும். இதை எதிர்பார்த்து, போட்ட கழிவின் அளவுக்கு ஏற்பத் தழைச்சத்து உரத்தையும் அவர்கள் கணக்கிட்டுச் சேர்த்தார்கள். மட்காத தென்னை நார்க்கழிவை நேராக வயலில் கொட்டியவர்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதிலும் கரிமம், தழைச்சத்தைப்போல 100 மடங்குக்கு மேல் இருக்கும். மட்கவைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தழைச்சத்து கூட்ட வேண்டும்.

ஜிப்சம் இல்லாமல் வேலை முடியவில்லை

புல் வந்துவிட்டது என்று அவர்கள் நின்றுவிடவில்லை. தொடர்ந்து மண்ணை எடுத்துப் பரிசோதித்தார்கள். உப்பின் அளவு குறைந்திருந்தது. ஆனால் களிமண் தகடுகளில் ஒட்டியிருந்த சோடியம் அப்படியே இருந்தது.

இது முக்கியமான வேறுபாடு. நீரில் கரைந்திருக்கும் உப்பைத் தண்ணீர் கழுவிவிடும். தகட்டில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெறும் தண்ணீர் கழற்றாது. அதன் இடத்தில் வந்து உட்கார இன்னொன்று வேண்டும். அது கால்சியம். சொல்லப்போனால், கால்சியம் கொடுக்காமல் உப்பை மட்டும் கழுவினால் மண் இன்னும் மோசமாகக்கூடும். நீரில் உப்பு இருக்கும்வரை தகடுகள் ஓரளவு சேர்ந்தே இருக்கும். உப்பு போய்ச் சோடியம் மட்டும் தங்கினால் தகடுகள் பிரிந்து மண் அடைத்துக்கொள்ளும். மரச்சில்லும் என்றென்றைக்கும் இருக்கப்போவதில்லை. அது மட்கித் தீர்ந்ததும் நிலம் பழையபடி இறுகினால், வந்த புல்லும் போய்விடும்.

அதனால் அடுத்த கட்டமாக ஜிப்சம் போட்டார்கள். வளர்ந்த புல்லை உழுது அழிக்க முடியாது. எனவே மேலாகத் தூவினார்கள். மழை அதைக் கரைத்தது. மரச்சில்லும் புல்வேரும் திறந்து வைத்திருந்த வழியாக அது கீழே இறங்கியது. ஜிப்சத்தின் கால்சியம் தகட்டில் ஏறியது. சோடியம் கழன்று, ஜிப்சத்தின் சல்பேட்டோடு சேர்ந்து, நீரில் எளிதாகக் கரையும் சோடியம் சல்பேட்டாகக் கீழே போனது. மேல் அடுக்கில் சோடியத்தின் பங்கு குறைந்தது.

மரக்கழிவு, ஜிப்சம், நீர் மூன்றும் சேர்ந்தபோதுதான் நிலம் திரும்பியது. மரக்கழிவு மட்டும் போட்டால் புல் வரும், நிலைக்கும் என்ற உறுதி இல்லை. ஜிப்சம் மட்டும் போட்டால், நீர் இறங்காத மண்ணில் அது மேலேயே கிடக்கும். நீர் மட்டும் கட்டினால் தேங்கி நிற்கும். வழி திறக்க ஒன்று, சோடியத்தை மாற்ற ஒன்று, கழுவிக்கொண்டு போக ஒன்று. களர் சீர்திருத்தத்தின் சாரம் இதுதான்.

மேல்மண்ணைக் காத்த சட்டம்

வயோமிங்கில் 1969-ல் திறந்தவெளிச் சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டமும், 1973-ல் இன்னும் கடுமையான சுற்றுச்சூழல் தரச் சட்டமும் வந்தன. அதன்பின் மேல்மண்ணைத் தனியாக எடுத்துப் பாதுகாத்து, வேலை முடிந்ததும் மேலேயே திருப்பிப் பரப்ப வேண்டும் என்பது கட்டாயமானது. இப்போது அங்கே அடுத்தடுத்த குழிகளாக வெட்டுகிறார்கள். புதிய குழியின் அடிப்பாறை முந்தைய குழியை நிரப்பப் போகிறது. புதிய இடத்தின் மேல்மண் அதன்மேல் நேரடியாகப் பரப்பப்படுகிறது. மண்ணில் உள்ள விதையும் உயிர்களும் சாகாமல் இடம் மாறுகின்றன. சட்டத்துக்கு முன்பு கைவிடப்பட்ட குழிகளை மாநிலத்தின் பழைய சுரங்கச் சீரமைப்புத் திட்டம் சரிசெய்து வருகிறது.

ஒரு சாண் மேல்மண்ணை எடுத்து ஓரமாக வைத்திருந்தால் செலவு கொஞ்சம். அதைப் புதைத்துவிட்டு ஏக்கருக்குப் பல டன் மரக்கழிவும் ஜிப்சமும் கொட்டி மீட்பது பெரும் செலவு. நிலத்தைச் சமன்படுத்தப் பொக்லைன் விடுபவர்கள், பண்ணைக் குட்டை வெட்டுபவர்கள், செங்கல் சூளைக்கு மண் விற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குட்டை வெட்டினால் மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவியுங்கள். அதை வயலுக்குப் பரப்புங்கள். அடியில் வரும் சுக்கான் மண்ணும் களியும் கரை போடப் போகட்டும். வயலின் தலையில் ஏறக்கூடாது.

நம் களர் நிலத்தில் என்ன செய்வது?

உவர், களர் என்று நாம் சேர்த்தே சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். வடிகால் அமைத்து நல்ல நீரால் கழுவினாலே சீராகும். களர் நிலத்தில் சிக்கல் ஒட்டியிருக்கும் சோடியம். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். மண் பிடித்து வைத்திருக்கும் மொத்தச் சத்துகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் அது களர். இங்கே ஜிப்சம் வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரில் மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை எடுங்கள். காய்ந்த மண்ணில் கடலைப் பருப்பு அளவுள்ள சிறு கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கட்டி உடைந்து குவிந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் பெரிய கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல மேகம் பரவினால் களிமண் பிரிகிறது, சோடியம் மிகுதி என்று சந்தேகிக்கலாம். இதற்குக் கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள உப்பே களிமண்ணைப் பிரியவிடாமல் தடுத்து உண்மையை மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் பாசன நீரையும் சேர்த்தே கொடுங்கள். கூடவே ‘ஜிப்சத் தேவை’ எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள்.

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது நமக்குப் பழக்கம். அது பயிருக்கான கால்சியமும் கந்தகமும். களர் திருத்தும் அளவு வேறு. பெரும்பாலும் அது டன் கணக்கில் இருக்கும். நெல் நடும் நிலத்துக்குப் பரிசோதனை சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதி அளவு போட்டு, பசுந்தாளும் சேர்ப்பது பரிந்துரையில் உள்ள முறை.

வயலைச் சமன் செய்து, சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பைப் பலப்படுத்த வேண்டும். ஜிப்சத்தைச் சீராகத் தூவி மேலாக உழ வேண்டும். ஆழ உழுதால் ஜிப்சம் நீர்த்துப்போகும். பிறகு நல்ல நீரைக் கட்டி நிறுத்தி, சில நாள் கழித்து வடிக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம் ஜிப்சம்தான் கரையும். ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சம் முழுதும் கரைய, கணக்குப்படி வயல் முழுதும் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் வேண்டும். தகட்டில் கால்சியம் ஏற ஏறக் கரைவது கூடும் என்றாலும், ஒரே மழையில் வேலை முடியாது என்பது தெளிவு. ஜிப்சத்தை மழைக்கு முன் போட்டு வைப்பது இதனால்தான் நல்லது.

வடிகால் இல்லாத வயலில் இத்தனையும் வீண். கழன்ற சோடியம் வெளியே போக வழி வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் நீர் ஆவியாகும்போது அது மீண்டும் மேலேறி வரும்.

வயோமிங்கில் மரச்சில்லு செய்த வேலையை இங்கே தக்கைப்பூண்டு செய்யும். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அதன் வேர் துளைத்த வழியும் மட்கிய தழையும் மண்ணைத் திறக்கும். களரிலும் ஈரத்திலும் தாங்கி வளரும் பயிர் அது. மரச்சில்லைப்போலத் தழைச்சத்தைப் பறிக்காது. வேர் முடிச்சுகளால் தழைச்சத்தைச் சேர்க்கும். மட்கிய தென்னை நார்க்கழிவும், சர்க்கரை ஆலைக் கழிவு மட்கும், தொழு உரமும் நல்ல துணை. களர் மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை வழக்கமாக வரும். நெல்லுக்குத் துத்தநாக சல்பேட்டை மறக்கக் கூடாது. களர் தாங்கும் ரகங்களாகத் திருச்சி வேளாண் கல்லூரி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 போன்றவை, நிலம் தேறும் வரை கைகொடுக்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

* ஆழ்குழாய் போட்ட பிறகு மீதமாகும் பென்டோனைட் சேற்றை வயலில் ஓட விடாதீர்கள். ஓரமாகச் சிறு குழி எடுத்து அதில் வடிய விட்டு, காய்ந்ததும் அப்புறப்படுத்துங்கள். வயலில் பரவினால் அந்த இடம் திட்டாக இறுகும்.

* மணற்பாங்கான பண்ணைக் குட்டைக்குப் பென்டோனைட் வாங்கினால், உப்பும் சோடியம் வகையா என்று கேட்டு வாங்குங்கள். கால்சியம் வகை அவ்வளவாக உப்பாது.

* மணல் நிலத்துக்குக் களி சேர்க்க விரும்பினால் ஏரி வண்டலைப் பரிசோதித்துப் பயன்படுத்தலாம். சோடியம் பென்டோனைட்டை வயலில் கொட்ட வேண்டாம்.

* சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கிணற்று நீர், நல்ல கரிசலையும் சில ஆண்டுகளில் களராக்கும். நிலம் திருத்தி, அதே நீரைப் பாய்ச்சினால் பலன் நிலைக்காது. பாசன நீரை ஜிப்சம் நிரப்பிய தொட்டி வழியாக விட்டுப் பாய்ச்சும் முறை பற்றி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

* ஜிப்சத்துக்குப் பதில் சுண்ணாம்பு போடுவது களரில் உதவாது. காரத்தன்மை உள்ள மண்ணில் சுண்ணாம்பு கரையாது. அது அமில நிலத்துக்கானது.

மருந்தும் அதே கடலில்

வயோமிங்கில் எரிமலைச் சாம்பல் கடலில் படிந்துகொண்டிருந்த அதே கிரெட்டேசியஸ் காலத்தில், நம் அரியலூர், பெரம்பலூர் பகுதியும் கடலடியில் இருந்தது. அந்தக் கடல் சேறு இன்று காரை கிராமத்தை ஒட்டி, மழை அரித்த வெற்று மேடுகளாக நிற்கிறது. அந்தக் களிப்பாறையின் ஊடே நரம்பு நரம்பாக ஓடுவது ஜிப்சம். தூத்துக்குடியில் பாஸ்பாரிக் அமில உற்பத்தியின் உபபொருளாகவும் ஜிப்சம் கிடைக்கிறது. களருக்கான மருந்து நமக்குத் தூரத்தில் இல்லை.

வயோமிங்கின் மேடுகள் மிக மோசமானவை. மழையும் நம்மைவிடக் குறைவு. அங்கேயே புல் வந்தது என்றால், ‘இது களர், ஒன்றும் விளையாது’ என்று தரிசாகப் போட்டிருக்கும் நிலத்தையும் மீட்கலாம். இந்தக் கோடையில் மண்ணையும் நீரையும் பரிசோதித்து, வரப்பும் வடிகாலும் போட்டு, மழைக்கு முன் ஜிப்சம் தூவுங்கள். மழைநீரைக் கட்டிக் கழுவி வடித்து, அதன் பின் தக்கைப்பூண்டு விதையுங்கள். முதல் ஆண்டே முழு விளைச்சல் வராது. ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் முன்பைவிட வேகமாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் நிலம் தேறுகிறது என்று பொருள்.